காரில் பாடும் பெண்டிரைவ் டிஜே பிளேயரில் ஏன் பாடுவதில்லை?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று டிஜே வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை மறுபடியும் அதே கதை. மணமக்கள் மண்டப வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் மாப்பிள்ளையின் தம்பி ஓடிவந்து ஒரு பெண்டிரைவைக் கையில் திணித்தார். "அண்ணே, இதுல உள்ள பாட்டுதான் என்ட்ரிக்கு." சொருகினால் திரையில் ஒன்றும் வரவில்லை. "கார்ல நல்லா பாடுச்சே! உங்க மிஷின்தான் கெட்டுப்போச்சு போல." கடைசியில் என்னிடம் இருந்த வேறொரு பாட்டுக்குத்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வந்தார்கள். ஆசையாகத் தேர்ந்தெடுத்த பாட்டு கையிலேயே இருந்தும் போட முடியவில்லையே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

மிஷின் கெட்டுப்போகவில்லை. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். காரில் பாடியது, டிவியில் பாடியது, லேப்டாப்பில் திறந்தது எதுவுமே டிஜே பிளேயரில் பாடும் என்பதற்குச் சான்று கிடையாது. பெண்டிரைவில் பாட்டு இருப்பது வேறு, அந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் முறை வேறு. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் ஆட்கள் அத்தனை பேரும் வந்து நிற்கலாம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதிய எழுத்து, கணக்குப் பார்க்கும் கிராணிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் ஒருவர் பெயரைக்கூடக் கூப்பிட முடியாது. பெண்டிரைவை ஃபார்மட் செய்வது என்பது அந்தச் செக்ரோலை எந்த எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்வதுதான். லேப்டாப் பல எழுத்துகளைப் படிக்கும். டிஜே பிளேயர் சிலவற்றை மட்டுமே படிக்கும்.

2016இல் வந்த பயனியர் சிடிஜே-2000 நெக்சஸ் 2 என்ற டிஜே பிளேயர் இன்றும் பல மேடைகளில் ஓடுகிறது. அது ஃபேட் 16, ஃபேட் 32, பழைய மேக் முறையான எச்எஃப்எஸ் பிளஸ் ஆகிய 'எழுத்துகளை'ப் படிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டையும் படிக்காது. புதிய சில மாடல்கள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கின்றன. ஆனால் நீங்கள் போகும் மண்டபத்தில் எந்த மாடல் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஃபேட் 32 போட்டுக்கொண்டால் கவலையே இல்லை.

சரி, "நான் ஃபார்மட்டே செய்யலையே, புதுசா வாங்கினது" என்பார்கள். அங்கேதான் சிக்கல். 64 ஜிபி, 128 ஜிபி பெண்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில்தான் கடைக்கு வருகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியோ 32 ஜிபிக்கு மேல் ஃபேட் 32 என்ற தேர்வையே நெடுங்காலமாகக் காட்டியதில்லை. அதற்கென்று இலவச மென்பொருள்கள் உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் டிஸ்க் யூட்டிலிட்டியில் எம்எஸ்-டாஸ் ஃபேட் என்பதோடு மாஸ்டர் பூட் ரெக்கார்டையும் தேர்ந்தெடுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு 32 ஜிபி தாராளம், தயவுசெய்து அதற்கு மேல் வாங்காதீர்கள்.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு டிபி பெண்டிரைவைத் தொடவே தொடாதீர்கள். இப்படிப்பட்டவை பெரும்பாலும் போலி. உள்ளே சிறிய சிப்பை வைத்துக்கொண்டு, பெரிய அளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். பாட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், போட்டால் பாதியில் நின்றுவிடும்.

நல்ல டிரைவ், பிளேயரில் தெரிந்தும் பாட்டு ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பாட்டுக் கோப்பில். திரையில் இ-8305 என்று வந்தால் அந்தக் கோப்பு வகையைப் பிளேயர் ஏற்கவில்லை என்று பொருள். வேவ் கோப்புகளில் இது அதிகம் வரும். கோப்பின் வகையைச் சொல்லும் தொடக்கப் பகுதி (ஹெடர்) வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தால், காதுக்கு ஒரு குறையும் இல்லாத பாட்டைக்கூடப் பிளேயர் மறுத்துவிடும். தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்பை நெக்சஸ் 2 வாசிக்கும், அதற்கு முந்தைய நெக்சஸ் வாசிக்காது. விருந்துக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோட்' செய்தது அந்த ஆப்புக்குள் மட்டும்தான் பாடும், பெண்டிரைவுக்கு வராது.

அப்புறம், புதிதாக டிஜே பழகும் தம்பி தங்கைகளுக்கு. பாட்டை இழுத்துப் போட்டால் போதாது, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் ஆராய்ந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அப்போதுதான் பாட்டின் அலைவடிவமும், எங்கிருந்து தொடங்குவது என்று குறித்த க்யூ புள்ளிகளும் உங்களோடு வரும். யூஎஸ்பி ஹப் வேண்டாம், பிளேயர் ஏற்காது. பிளேயரின் யூஎஸ்பி விளக்கு அணையும்வரை யூஎஸ்பி ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்த பிறகே டிரைவை எடுங்கள். பிளேயரும் அதில் எழுதிக்கொண்டிருக்கும், வெடுக்கென்று பிடுங்கினால் தகவல் கெடும். பிளேயர்களை இணைக்கும் லிங்க் கேபிள் போட்டிருந்தால் பக்கத்துப் பிளேயரும் உங்கள் டிரைவிலிருந்துதான் பாடிக்கொண்டிருக்கலாம். ஒரே தொகுப்பை இரண்டு டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டுக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். என்ட்ரி பாட்டையும் கேக் வெட்டும் பாட்டையும் இரண்டு நாளைக்கு முன்பே டிஜேவுக்கு அனுப்பிவிடுங்கள். வாட்சாப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பெண்டிரைவாகத்தான் தருவேன் என்றால், சாயங்காலம் நாங்கள் சவுண்ட் செக் செய்யும்போது கொண்டுவாருங்கள். சரியில்லை என்றால் மாற்றித் தர அப்போது எங்களுக்கு நேரம் இருக்கும்.