பெப்சின்: பெயரில் முழுச் செரிமானம், வேலையில் முதல் வெட்டு

இரைப்பையில் புரதத்தை வெட்டும் நொதிக்குப் பெப்சின் என்று பெயர். கிரேக்க மொழியில் 'பெப்சிஸ்' என்றால் செரித்தல். ஜெர்மானிய உடலியல் அறிஞர் தியோடர் ஷ்வான் 1836-இல் இரைப்பையின் உட்சவ்வைச் சாறெடுத்து ஆராய்ந்தபோது, புரதத்தைக் கரைக்க அமிலம் மட்டும் போதாது, கூடவே இன்னொரு பொருளும் வேண்டும் என்று கண்டார். அந்தப் பொருளுக்கு அவர் இட்ட பெயர்தான் இது.

அவர் சொன்னதை ஆய்வகத்தில் இன்றும் கண்ணால் பார்க்கலாம். வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவைச் சிறு கட்டங்களாக நறுக்கி மூன்று சோதனைக் குழாய்களில் போடுங்கள். முதல் குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரண்டாவதில் பெப்சின் கரைசல், மூன்றாவதில் இரண்டும். மூன்றையும் 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் மூன்றாவது குழாயில் கட்டங்களின் கூர்முனை மழுங்கி, ஓரம் கண்ணாடிபோலத் தெளிந்து, துண்டு சிறுத்துக்கொண்டே வரும். மற்ற இரண்டிலும் ஏறக்குறைய போட்டபடியே கிடக்கும்.

'பெப்சிஸ்' பிறந்த கிரேக்க வினைக்குச் சமைத்தல், கனிதல், செரித்தல் என மூன்று பொருளும் உண்டு. சமஸ்கிருதத்தின் 'பச்' என்ற வேர் இதற்கு உறவு. பக்குவம், பாகம் (சமையல் என்ற பொருளில்) ஆகியவை அதன் வழியே நம்மிடம் வந்தவை. டிஸ்பெப்சியா (செரியாமை), பெப்டிக் அல்சர், பெப்டைடு எல்லாம் கிரேக்கக் கிளை. வயிற்றை அடுப்பாகப் பார்த்த காலத்தின் வேரிலிருந்து கிளைத்த சொற்கள் இவை.

தமிழில் செரித்தலுக்கு இன்னொரு சொல் இருக்கிறது: அறுதல். 'அருந்தியது அற்றது போற்றி உணின்' என்ற 942-ஆம் குறளில் 'அற்றது' என்றால் செரித்துவிட்டது என்று பொருள். புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பைப் பற்றி அன்று தெரிந்திருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் நடப்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை கிடைக்காது. இரைப்பை புரதத்தைச் சமைப்பதில்லை, அறுக்கிறது.

அறுக்கும் கத்தி உறையோடுதான் வெளியே வருகிறது. இரைப்பைச் சுவரின் முதன்மைச் செல்கள் சுரப்பது பெப்சினோஜன் என்ற முன்நொதி. பக்கத்துச் செல்கள் விடும் அமிலம் பட்டதும் அதன் முனையிலுள்ள ஒரு சிறு அமினோ அமிலத் துண்டு கழன்று பெப்சின் வெளிப்படும். சுரக்கும்போதே அது பெப்சினாக இருந்தால் தன்னை உண்டாக்கிய செல்லையே வெட்டும். கடும் அமிலமான பிஎச் 2-ஐ ஒட்டி அது நன்றாக வேலை செய்யும். ஃபினைல் அலனின், டைரோசின், லூசின் போன்ற அமினோ அமிலங்களை ஒட்டிய பிணைப்புகளையே பெரும்பாலும் வெட்டும். ஆகவே கிடைப்பது நீண்ட பெப்டைடு துண்டுகள்; தனி அமினோ அமிலங்கள் மிகக் குறைவு.

மொத்தப் புரதச் செரிமானத்தில் பெப்சினின் பங்கு 10 முதல் 20 சதவீதம் மட்டுமே. உணவுக்கூழ் முன்சிறுகுடலுக்கு இறங்கியதும் கணையத்தின் பைகார்பனேட் அமிலத்தை முறிக்க, பெப்சின் அடங்கிவிடும். குடல்சுவரிலுள்ள என்டிரோகைனேஸ் என்ற நொதி, கணையத்தின் முன்நொதியான டிரிப்சினோஜனை டிரிப்சினாக்க, டிரிப்சின் மற்ற கணைய முன்நொதிகளை எழுப்பும். டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் அதுதான் கணைய அழற்சி. இறுதி வெட்டு குடல் உறிஞ்சிகளின் பரப்பில் நடக்கிறது. தனி அமினோ அமிலங்கள் பெரும்பாலும் சோடியத்தோடு சேர்ந்து செல்லுக்குள் போகும். இரண்டு மூன்று அமினோ அமிலம் கோத்த துண்டுகள் ஹைட்ரஜன் அயனியோடு வேறு வாசல் வழியாக நுழைந்து, செல்லுக்குள்ளேதான் பெரும்பாலும் உடைபடும். பிறகு போர்ட்டல் சிரை வழியே கல்லீரல்.

இதனால்தான் இரைப்பையை அறுவை செய்து எடுத்தவர்களுக்கும் புரதம் செரிக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் பெப்சின் மந்தமாகும். கணையம் அதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாத இடம் ஒன்று உண்டு: உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் வைட்டமின் பி12-ஐப் பிரித்தெடுக்க அமிலமும் பெப்சினும் தேவை. ஆண்டுக்கணக்கில் அந்த மாத்திரை எடுப்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும் என்பது இதனால்தான்.

சரி, பெப்சினைத் தமிழில் எப்படி எழுதுவது? 'செரிமான நொதி' என்பது தவறான மொழிபெயர்ப்பு. உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸும் செரிமான நொதிதானே. 'புரதச்சிதைப்பி' என்று மட்டும் எழுதினால் டிரிப்சினும் உள்ளே வந்துவிடும். 'இரைப்பைப் புரதச்சிதைப்பி' என்பதே சரியான இணை: இடமும் வேலையும் அதில் வந்துவிடுகின்றன. முதல் முறை 'பெப்சின் என்னும் இரைப்பைப் புரதச்சிதைப்பி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து பெப்சின் என்றே தொடரலாம். டிரிப்சினுக்கு அதே முறையில் 'கணையப் புரதச்சிதைப்பி' பொருந்தாது, ஏனென்றால் கைமோடிரிப்சின் என்ற இன்னொரு புரதச்சிதைப்பியும் அங்கிருந்தே வருகிறது. அதை டிரிப்சின் என்றே விட்டுவிடுவது நல்லது.