பத்தொன்பது வயது வரம்பு பணத்துக்கு மட்டுமே, சிகிச்சைக்கு அல்ல

படிக்கிற வயதில் கர்ப்பமாகிவிட்ட பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் எதுவும் கிடைக்காது என்று நினைத்து, அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

குழப்பம் தொடங்கும் இடம் ஒன்றுதான். தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைப் பெற, தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். இது நிதியுதவிக்கான விதி. மருத்துவத்துக்கு இப்படி ஒரு வரம்பே இல்லை. தாய், சேய் இலவசச் சிகிச்சைக்கான மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அரசு மருத்துவமனைக்கு வரும் எந்த வயதுக் கர்ப்பிணிக்கும் பரிசோதனை, மருந்து, ரத்தம், சிசேரியன், தங்கும் நாட்களுக்கான உணவு, வாகனம் எல்லாமே இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் உண்டு. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதங்களும் அங்கன்வாடி உணவை உரிமையாக்கியிருக்கிறது.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்குங்கள். வளரும் உடலில் ரத்தசோகையும் உயர் ரத்த அழுத்தமும் ஆபத்தாக மாறக்கூடியவை. குறைந்தது நான்கு பரிசோதனைகளையாவது தவறவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை 180 நாட்களுக்குத் தருவார்கள். தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் சிகிச்சைக்குரியதுதான்.

பலரைத் தடுப்பது போலீஸ் பயம். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் புகாரோ வேறு ஆவணமோ கொண்டுவந்தால்தான் அவசரச் சிகிச்சை என்று மருத்துவர் கேட்கக் கூடாது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் அதைத் தடுக்கின்றன. பெண்ணின் பெயரை வெளியிடுவது குற்றம். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், அடையாளத்தைத் தெரிவிக்காமலேயே மருத்துவர் தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசாரணை முழுவதும் உடனிருக்கத் துணை நபர் ஒருவரை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

படிப்பு? எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பள்ளியும் பிள்ளையை வெளியேற்ற முடியாது. கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு மேல் தினமும் வகுப்புக்குப் போக இயலாதவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. ஒரு முறை சேர்ந்தால் பத்தாம் வகுப்பை முடிக்க ஐந்து ஆண்டுகள், ஒன்பது தேர்வு வாய்ப்புகள். தேர்ச்சி பெற்ற பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் ஒரு பாடம் மட்டும் எழுதினாலும் போதும்.