கேஸ்லைட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

"நான் அப்படிச் சொல்லவே இல்ல." "உனக்குத்தான் எதுவுமே ஞாபகம் இருக்கிறதில்லையே." மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் இருக்கும் என் பெரியம்மா மகள் பல வருடம் கேட்ட வாக்கியங்கள் இவை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அக்கா வீடு திரும்பிய ஒரு காலையில், அலமாரியில் வைத்திருந்த வளையலைக் காணோம். "நீதானே அடகு வைக்கச் சொல்லிக் கழற்றிக் கொடுத்த" என்றார் கணவர். அக்கா அவரைச் சந்தேகப்படவில்லை. தூக்கம் கெட்டதால் தனக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று நம்பினாள்.

இப்படி ஒருவரைத் தன் நினைவையே சந்தேகப்பட வைப்பதற்கு ஆங்கிலம் வைத்த பெயர் கேஸ்லைட்டிங். சொல் பிறந்தது ஒரு நாடகத்தில். 1938-இல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதி இங்கிலாந்தில் மேடையேறிய 'கேஸ் லைட்', அதாவது வாயுவிளக்கு, அது. 1944-இல் ஹாலிவுட் படமாக வந்து இங்கிரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது. அந்தக் காலத்து வீடுகளில் எல்லா விளக்குகளுக்கும் ஒரே குழாய்வழிதான் வாயு போகும். ஓர் அறையில் புதிதாக விளக்கேற்றினால் மற்ற அறையில் சுடர் தாழும். கதையில், வெளியே போவதாகச் சொல்லிவிட்டுக் கணவன் கள்ளத்தனமாக மேல்மாடியில் நகை தேடுகிறான். கீழே மனைவியின் அறையில் வெளிச்சம் மங்குகிறது. பொருள்களை அவனே ஒளித்துவைத்துவிட்டு, தொலைத்தவள் நீ என்று பழி சொல்லிச் சொல்லி, அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக நம்பவைக்கிறான். ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வந்து, விளக்கு மங்குவது உண்மைதான் என்று சொல்லும்வரை அவள் தன் கண்ணையே நம்பவில்லை. இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவளுக்குத் தேவைப்பட்டது இன்னொரு சோடிக் கண்.

மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022-ஆம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் இந்தச் செயல் நமக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரக் கதையில் ஆட்டைத் தோளில் சுமந்து வரும் வேதியனை வழியில் திருடர்கள் ஒவ்வொருவராகக் குறுக்கிட்டு, "என்ன சாமி, நாயைத் தூக்கிக்கொண்டு போகிறீர்?" என்கிறார்கள். கடைசியில் அவரே ஆட்டை இறக்கிவிட்டு ஓடுகிறார். திருடர்கள் முதலில் பறித்தது ஆட்டையல்ல, தன் கண்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வாயுவிளக்கு' என்று பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'ஏமாற்றுதல்', 'வஞ்சித்தல்' என்பவை போதவில்லை. ஏமாந்தவனுக்கு விஷயம் தெரியவந்தால் ஏமாற்றியவன்மேல் கோபம் வரும், இங்கே கோபம் தன்மேலேயே திரும்புகிறது. 'மூளைச்சலவை' வேறு, அது புதிய நம்பிக்கை ஒன்றைப் புகுத்துவது. 'பைத்தியக்காரப் பட்டம் கட்டுதல்' நெருங்கி வருகிறது. ஆனால் அது ஊரார் முன்னால் நடப்பது, பெரும்பாலும் கடைசிக் கட்டம்.

துன்புறு என்பதிலிருந்து துன்புறுத்து, அச்சுறு என்பதிலிருந்து அச்சுறுத்து வந்ததுபோல, ஐயுறு என்பதிலிருந்து ஐயுறுத்து வரும். எனவே எழுத்தில் 'ஐயுறுத்தல்' என்பதே என் தேர்வு. யாரையோ அல்ல, தன்னையே ஐயுறச் செய்வது என்ற பொருளை முதல் தடவை விளக்கிவிட்டால் போதும். பேச்சில் "என்னையே சந்தேகப்பட வைக்கிறான்" என்று நம் பெண்கள் ஏற்கெனவே சொல்கிறார்கள். அதைவிடத் தெளிவு வேண்டியதில்லை.

சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் போடவும் கூடாது. ஒருவர் ஒருமுறை பொய் சொன்னால், அல்லது ஒரே சம்பவத்தை இருவர் வேறு வேறாக நினைவில் வைத்திருந்தால் அது ஐயுறுத்தல் ஆகாது. அடையாளம், திரும்பத் திரும்ப நடப்பதும், ஒவ்வொரு முறையும் ஒரே ஆளின் நினைவே பிழையாகிப்போவதும், அதனால் மற்றவருக்கு ஆதாயம் இருப்பதும்தான். கணவன் மனைவி என்றில்லை. மேலதிகாரி, மாமியார், பிள்ளைகள், யாரும் செய்யலாம்.

மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் அடி உதையை மட்டுமல்ல, மனத்துக்கு இழைக்கும் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. உதவிக்குத் தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999 இருக்கிறது.

அக்கா அந்த எண்ணுக்கு அழைக்கவில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது வளையல் கதையை எடுத்தாள், தன் மறதியைச் சொல்லி வருத்தப்படத்தான். எங்கள் அண்ணி கையை நிறுத்தினார். "நீ கொடுக்கல. அவர் அலமாரியில இருந்து எடுத்தத நான் பார்த்தேன்" என்றார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அந்த நாளை இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.