தக்காளி விலையில் தெரியும் பழைய வெயில்

நள்ளிரவு தாண்டினால் கோயம்பேட்டுக்குத் தக்காளி லாரிகள் வரத் தொடங்கும். ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார், நம் கிருஷ்ணகிரி என்று பல ஊர்ச் சரக்கு. வந்த லோடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து, விடிவதற்குள் அன்றைய மொத்த விலை படிந்துவிடும். "வரத்துக் குறைவால் விலை உயர்வு" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அந்த வரத்துக்குப் பின்னால் இரண்டு வானிலைகள் இருக்கின்றன: ஒன்று நேற்றையது, மற்றது ஒன்றரை மாதம் பழையது.

நேற்றைய மழையின் வேலை கண்ணுக்குத் தெரியும். வயல் சேறானால் பறிப்பு நின்றுபோகும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று மழை இறங்கினால் வேர் நீரை வேகமாக உறிஞ்சும். பழத்தின் சதை பெருக்கிற வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடித்துவிடும். வெடித்த பழம் நெடுந்தூர லாரிப் பயணத்தைத் தாங்காது. 2021 நவம்பரில் வடகிழக்குப் பருவமழை ஆந்திரத்தையும் தமிழகத்தையும் புரட்டிப்போட்டபோது, சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது.

பழைய வானிலையைத்தான் நாம் கவனிப்பதில்லை. பூ மலர்ந்து, காயாகி, பழமாகச் சிவக்க ஏறக்குறைய 45 நாட்கள் ஆகும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும். செடி பச்சைப்பசேலென்று நிற்கும். பூ மட்டும் காம்போடு உதிரும். கோடை வெயிலில் பெருகும் வெள்ளை ஈ, இலைச்சுருட்டு வைரஸையும் செடிக்குச் செடி கொண்டுசெல்லும். அதனால் ஏப்ரல், மே மாத வெயிலின் கணக்கு ஜூன், ஜூலையில்தான் மண்டிக்கு வந்து சேர்கிறது. அப்போது வானம் எவ்வளவு இதமாக இருந்தாலும் பயனில்லை, உதிர்ந்த பூ உதிர்ந்ததுதான்.

வரத்து கொஞ்சம் குறைந்தாலே விலை ஏன் இப்படித் தாவுகிறது? ரசத்துக்கும் குழம்புக்கும் தக்காளி வேண்டும். விலை ஏறியதால் யாரும் சமையலை நிறுத்துவதில்லை. பெரிய வெங்காயத்தைப் போல மாதக்கணக்கில் இருப்பு வைக்கவும் முடியாது. ஏறக்குறைய 10 டிகிரிக்குக் கீழே நீண்ட நாள் குளிரூட்டினால் தக்காளியின் மணமும் சுவையும் கெடும், செங்காய் சரியாகப் பழுக்காது. விலை ஏறும்போதெல்லாம் வியாபாரியின் பதுக்கல் என்று பழி சொல்கிறார்கள். சில நாளில் அழுகும் பொருளைப் பதுக்கி யார் லாபம் பார்க்க முடியும்? இந்தப் பழி பெரும்பாலும் நியாயமற்றது என்றே நினைக்கிறேன்.

வானிலை தொடங்கிவைத்த ஏற்ற இறக்கத்தை மனிதர்களின் நடவு இன்னும் பெரிதாக்குகிறது. நாற்று நட்டு முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இன்றைய விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே சமயத்தில் நட்டால், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய்த்து விலை சரியும். சரிந்த விலையைப் பார்த்து நடவு குறைந்தால், விலை மறுபடி ஏறும். பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டோர் 1934-இல் இதற்குச் சிலந்திவலைத் தேற்றம் என்று பெயர் வைத்தார். அடுத்த விலையை ஊகிக்க வேண்டுமானால், மண்டியைவிட நாற்றங்காலைப் போய்ப் பார்ப்பதே மேல்.

2023-இல் இந்த வலை முழுதாகத் தெரிந்தது. மே மாதத்தில் பறிப்புக்கூலிக்கும் கட்டுபடியாகாத விலை. பலர் தோட்டத்தைக் கைவிட்டார்கள். ஜூலையில் சென்னையின் சில்லறைக் கடைகளில் கிலோ 200 ரூபாய் வரை போனது. அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த விலையை நம்பி நட்ட நாற்றுகள் செப்டம்பரில் காய்த்துக் குலுங்கின. ஆந்திரத்தில் விவசாயிகள் பழங்களைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் பெட்டிகளோடு வீடு திரும்பினார்கள்.