கழற்றுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்

இந்த ஆண்டும் ஒரு நீராவி எஞ்சின் துண்டு துண்டாகப் பட்டறைக்கு வந்திருக்கிறது. பாய்லர் ஒரு லாரியில், சக்கரங்கள் இன்னொரு லாரியில், வால்வுகளும் போல்ட்டுகளும் பெயர் எழுதாத பெட்டிகளில். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று உரிமையாளர் சங்கத்தாரைக் கேட்டால், "நீங்கள் தொடங்குங்கள், நன்கொடை தானாக வரும்" என்கிறார்கள். தானாக வராது. பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளுக்குப் பாய்லர் பழுது பார்ப்பது என் தொழில். இப்படிப் பாதியில் நின்றுபோன எஞ்சின்களைத் தார்ப்பாய்க்கு அடியில் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துவிட்டது.

1951-இல் வேல்ஸின் டாலிலின் பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் ஆர்வத்துக்குப் பஞ்சமே இல்லை. பாரி நகரத்துப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மட்டும் 213 எஞ்சின்களை மீட்டிருக்கிறார்கள். ஆனால் மீட்பது ஒருமுறைச் செலவு. ஓட்டுவது திரும்பத் திரும்ப வரும் செலவு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை பாய்லரைச் சட்டகத்திலிருந்து தூக்கி, குழாய்களை உருவி, உள்ளும் புறமும் சோதித்துக் காட்டினால்தான் காப்பீட்டு ஆய்வாளர் மறுபடி சான்று தருவார் என்பது இங்குள்ள நடைமுறை.

அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "போன மாதம்வரை நன்றாகத்தானே ஓடியது? பெயின்ட்கூட உதிரவில்லையே, எதற்கு இத்தனை லட்சம் பவுண்டு?"

தயவுசெய்து கேளுங்கள். பளபளப்பாக நீங்கள் பார்ப்பது பாய்லரே அல்ல. வெப்பக் காப்புக்கு மேல் போர்த்திய மெல்லிய தகடு அது. பாய்லர் அதற்குள் இருக்கிறது. அதன் நோயோ இன்னும் உள்ளே, தண்ணீர் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது. நெருப்பறையின் அடிமூலைகளில் வண்டல் தங்கித் தகட்டை அரிக்கும். உள்சுவரையும் வெளிச்சுவரையும் பிணைக்கும் ஸ்டே கம்பிகள் பெரிய பாய்லரில் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் எவை மெலிந்திருக்கின்றன, எவை முறிந்திருக்கின்றன என்பது வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. குழாய்களை எடுத்த பிறகுதான் முழு உண்மை தெரியும். ஆகவே முதல் மதிப்பீடு எப்போதும் ஓர் ஊகம்தான். அதை நான் கூட்டிச் சொன்னால் கொள்ளையடிக்கிறேன் என்கிறார்கள். குறைத்துச் சொன்னால் ஓராண்டு கழித்து ஏமாற்றிவிட்டேன் என்கிறார்கள்.

ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற எக்ஸ்பிரஸ் எஞ்சினையே பாருங்கள். யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் 2004-இல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஓவர்ஹால், அதாவது முழுதாகக் கழற்றிப் பழுது பார்ப்பது, 2006-இல் தொடங்கியது. 2011-இல் கறுப்பு வண்ணம் பூசி மக்களுக்குக் காட்டினார்கள். ஆனால் அது மீண்டும் ஓடியது 2016-இல். செலவு 42 லட்சம் பவுண்டு, அதாவது வாங்கிய விலையைவிட அதிகம். உலகப் புகழும் தேசிய நிறுவனமும் பின்னால் நின்ற எஞ்சினுக்கே இந்தக் கதி.

அடுத்து, எதை முதலில் செய்வது? நன்கொடை பெரும்பாலும் பெரிய எக்ஸ்பிரஸ் எஞ்சினுக்குத்தான் கொட்டுகிறது. ஆனால் பாரம்பரியப் பாதையில் வேகம் மணிக்கு 25 மைல், இழுக்க வேண்டியது ஐந்தாறு பெட்டி. அந்த வேலையை நடுத்தர டேங்க் எஞ்சின் (நீரையும் நிலக்கரியையும் தன் மேலேயே சுமக்கும் எஞ்சின்) குறைந்த நிலக்கரியில் முடித்துவிடும். எங்களுக்கு நிலக்கரி தந்துவந்த தெற்கு வேல்ஸின் ஃபோஸ்-இ-வ்ரான் சுரங்கம் 2023-இல் மூடப்பட்ட பிறகு நிலக்கரி சின்ன விஷயமா? இருந்தும் அன்றாடம் சம்பாதித்துக் கொடுக்கும் அந்த டேங்க் எஞ்சின்தான் வரிசையின் கடைசியில் துருப்பிடித்து நிற்கிறது. இன்னொன்று: சான்று நாள்காட்டிப்படி தீர்கிறது, ஓடிய மைல்படி அல்ல. ஆண்டுக்கு இருபது நாள் ஓடும் எஞ்சினுக்கும் அதே பத்து ஆண்டுதான். ஒரே ஆண்டில் மூன்று எஞ்சின்களின் சான்று முடியும்படி விட்டுவிட்டு, பிறகு வாடகை எஞ்சினுக்கு அலைவதைத் திட்டமிடல் என்று சொல்ல முடியாது.

நீலகிரி மலை ரயிலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பல்சக்கரப் பாதைக்கென்றே அமைந்த எக்ஸ் வகை எஞ்சின்கள், அவற்றைக் கவனிக்க ரயில்வேயின் சொந்தப் பட்டறைகள். பொன்மலையில் அதே வகையில் புதிய எஞ்சின்களையே கட்டிவிட்டார்கள். தன்னார்வச் சங்கத்துக்கு அந்தப் பின்பலம் கிடையாது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓவர்ஹாலுக்கு ஐந்து லட்சம் பவுண்டு ஆகும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆண்டுக்கு 80 நாள் ஓடினால், பத்து ஆண்டில் 800 நாள். ஓடும் ஒவ்வொரு நாளும் 625 பவுண்டை எடுத்து வைக்க வேண்டும், அதுவும் முதல் நாளிலிருந்து. இதைத் தனிக் கணக்கில் போடுங்கள். நடைமேடைக் கூரைக்கும் தேநீர்க் கடைக்கும் அதிலிருந்து கடன் எடுக்காதீர்கள். சிறு தொகையை இகழவும் வேண்டாம்: புதிதாகவே கட்டி 2008-இல் முடித்த டோர்னாடோ எஞ்சின் ஏறக்குறைய முப்பது லட்சம் பவுண்டில் உருவானது, வாரத்துக்கு ஒரு கோப்பை பீரின் விலை என்ற கணக்கில் மாதந்தோறும் தவறாமல் கொடுத்த சாதாரண மக்கள்தான் அதற்கு அடித்தளம்.

கழற்றும் முன் மீயொலிக் கருவியால் தகட்டுக் கனத்தை அளந்துவிடுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வைத்திருங்கள். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைக் கழற்றாதீர்கள்; வயிற்றைத் திறந்து வைத்துவிட்டு நூலுக்கும் ஊசிக்கும் வசூலுக்குப் போவது போன்றது அது. ஓடும் காலத்தில் நீரைப் பதப்படுத்துங்கள், பாய்லரைத் தவறாமல் கழுவுங்கள், குளிர்ந்த பாய்லரை அவசரமாகச் சூடேற்றாதீர்கள்.

நன்கொடை தருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த எஞ்சினின் பெயரை மட்டும் எழுதிப் பணத்தைப் பூட்டிவிடாதீர்கள். "எந்த எஞ்சினுக்கு முதலில் தேவையோ அதற்கு" என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து, ஒவ்வொரு எஞ்சினின் சான்றும் எந்த ஆண்டில் முடிகிறது, அதற்கு இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பொருளாளரைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.