சி டிரைவ் நிரம்பி சிவப்பாயிடுச்சுன்னா உள்ள என்ன நடக்குது?

செவ்வாய்ப்பேட்டையில கல்யாண பத்திரிகை அடிக்கிற ஒரு டிடிபி கடை. முகூர்த்த சீசன், ஆனா சிஸ்டம் நகரவே மாட்டேங்குது. போட்டோஷாப்ல 'ஸ்கிராட்ச் டிஸ்க் புல்'னு, அதாவது தற்காலிக ஃபைல் வைக்க இடமில்லைன்னு வருது. "பழசாயிடுச்சுங்க, புதுசு வாங்கிடலாமா?"ன்னு கேட்டாரு கடைக்காரர். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்தா சிபியூ சும்மா இருக்கு, டிஸ்க் மட்டும் 100% பிஸி.

விஷயம் அங்கதான் இருக்கு. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்தும், அதாவது ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட், அந்த நேரத்துல 3 ஜிகாஹெர்ட்ஸ் பிராசசர் 3 கோடி துடிப்பைத் தாண்டிடும், ஆனா தேவையான டேட்டா அதைப் படிக்கற ஹெட்டுக்குக் கீழ வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டுதான் இருக்கணும். எவ்வளவு பெரிய இன்ஜின் போட்ட பஸ்ஸா இருந்தாலும் ஏற்காடு போற வழியில 20 கொண்டை ஊசி வளைவுலயும் மெதுவாத்தானே திரும்பணும்!

ரேம் பத்தலைன்னா விண்டோஸ் மிச்சத்தை சி டிரைவ்ல இருக்கற பேஜ்ஃபைல்ல எழுதும். போட்டோஷாப்பும் தன் தற்காலிக ஃபைலை வழக்கமா அங்கயேதான் வைக்கும். டிரைவ்ல இடமே இல்லைன்னா ரெண்டும் திணறும்.

டெலிட் பண்ணினது ரீசைக்கிள் பின்லதான் கிடக்கும், அதைக் காலி பண்ணாம இடம் வராது. அடுத்து டிஸ்க் கிளீனப் திறந்து 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அமுக்குங்க, பழைய அப்டேட் மிச்சமெல்லாம் அங்க ஜிபி கணக்குல போகும், ஆனா டவுன்லோட்ஸ்ல டிக் இருந்தா கண்டிப்பா எடுத்துடுங்க, கஸ்டமர் அனுப்பின போட்டோ அதுலதான் இருக்கும். பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் வர்ற விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டர் 10 நாள்ல தானா போயிடும். ஹைபர்னேட் (வேலையை டிஸ்க்ல சேவ் பண்ணி ஆஃப் ஆகறது) யூஸ் பண்ணலைன்னா அதை ஆஃப் பண்ணலாம், அதோட ஃபைலும் சில ஜிபி பிடிக்கும், ஆனா சீக்கிரமா ஆன் ஆக உதவற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போயிடும். விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை வைக்கற வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் எவ்வளவு பெருசா காட்டினாலும் கைய வெக்காதீங்க, அதுல நிறைய ஃபைல் வேற இடத்துல இருக்கற அதே ஃபைல்தான், ரெண்டு தடவை எண்ணிக் காட்டுது, கைய வெச்சா விண்டோஸே பூட் ஆகாம போகலாம். இதுக்கெல்லாம் தனியா கிளீனர் சாஃப்ட்வேர் தேவையே இல்ல.

சிஸ்டம் ஆன் ஆகும்போதே தானா ஓடற ஸ்டார்ட்டப் ஆப்ஸ்ல வேண்டாததை டிசேபிள் பண்ணுங்க.

இதுக்கப்புறமும் டிஸ்க் 100%லயே நின்னா, காசு செலவு பண்ண வேண்டிய இடம் எஸ்எஸ்டி, அதாவது சிப்ல சேமிக்கற டிரைவ். அதுல சுத்துற தட்டே கிடையாது. ஆனா அதையும் முழுசா ரொப்பாதீங்க, எழுதின இடத்துல நேரா மேல எழுத முடியாது, ஒரு பிளாக்கை மொத்தமா அழிச்சுட்டுத்தான் எழுதும், காலி இடம் குறைஞ்சா அந்த வேலை கூடும். ஹார்ட் டிஸ்க்ல சிதறிக் கிடக்கற ஃபைலை ஒண்ணு சேர்க்கற டீஃபிராக் இதுக்கு வேண்டாம், எந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற டிரிம் வேலைய விண்டோஸே பாத்துக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடலுக்குப் பொருந்தறது சாட்டா ரெண்டரை இன்ச் டிரைவா, சின்ன அட்டை மாதிரி இருக்கற எம்.2வான்னு பாத்துட்டு கடைக்குப் போங்க.