துபாயா, மாலத்தீவா? சம்பளத்தை ரூபாயில் பெருக்குவதை முதலில் நிறுத்துங்கள்

போன வாரம் மட்டும் மூன்று அழைப்புகள். மூன்று பேரும் ஆசிரியர்கள், மூன்று பேரும் பெங்களூரிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள். மூன்றாவது அழைப்பு இரவு பதினொன்றரைக்கு ஷார்ஜாவிலிருந்து வந்தது. பேசியவர் கம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி இருப்பவர், இயற்பியல் ஆசிரியை, எட்டு வருட அனுபவம். "அக்கா, மாசக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கல. அங்கயே இருந்திருக்கலாம்னு தோணுது" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏனென்றால் இதே பெண் போன வருடம் அல்சூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் இரண்டு வேலைகள். ஒன்று துபாயில் ஒரு தனியார் பள்ளி, எல்லாம் சேர்த்து மாதம் 4,500 திர்ஹம். இன்னொன்று மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளி, 14,500 ருஃபியா, தங்கும் அறை தனி. அவர் ஏற்கெனவே போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். திர்ஹத்தை 23-ஆல் பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு மேல். ருஃபியாவை ஐந்தரையால் பெருக்கினால் எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. "துபாய்தானே மேடம் அதிகம்?" என்று கேட்டார். நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

நான் நான்கு வருடம் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவிலும், ஏழு வருடம் ஷார்ஜாவிலும் பாடம் நடத்தியவள். இப்போது வெளிநாட்டுப் பள்ளி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒப்பந்தம், சான்றிதழ் விஷயங்களில் வழி சொல்வதுதான் என் தொழில். என் மேசைக்கு எதிரில் உட்காருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்கும் முதல் கேள்வி, "ரூபாயில எவ்வளவு வரும்?" என்பதுதான். இந்தக் கேள்வியே தப்பு. அங்கே நீங்கள் ரூபாயில் வாடகை கட்டப் போவதில்லை, ரூபாயில் தக்காளி வாங்கப் போவதில்லை. சம்பளத்தை மட்டும் ரூபாயாக்கிவிட்டுச் செலவை ஆக்காமல் விட்டால் அது என்ன கணக்கு?

அந்தப் பெண்ணின் 4,500 திர்ஹத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரோடு பங்கிட்டுக்கொண்ட அறைக்கு 1,500. சாப்பாட்டுக்கு 900. பள்ளி இருப்பது துபாயில், அறை ஷார்ஜாவில், வேனுக்கு 400. போன், சில்லறைச் செலவு 300. மிச்சம் 1,400 திர்ஹம், சுமார் 32,000 ரூபாய். இதில் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு மாதம் 12,000 போகிறது. நிற்பது இருபதாயிரம். பெங்களூரில் 42,000 சம்பளத்தில், அம்மா வீட்டில் இருந்துகொண்டு, மாதம் 24,000 சேர்த்தவர் அவர். லட்சம் என்ற எண்ணைப் பார்த்து ஊரை விட்டுப் போய், இங்கே சேர்த்ததைவிடக் குறைவாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் மாலத்தீவுதான் நல்லதா என்று உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். முதல் அழைப்பு அங்கிருந்துதான் வந்தது. கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) பையன், கணக்கு ஆசிரியர். தீவில் அறை இலவசம், செலவு குறைவு, மாதம் பத்தாயிரம் ருஃபியா மிச்சம் பிடிக்கிறார். ஆனால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கிறது. ஊரில் வீட்டுக் கடனுக்கு மாதம் 28,000 தவணை. அதை இப்போது தங்கை கட்டுகிறாள்.

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். அமீரகத் திர்ஹம் 1997-லிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று விலை மாறாமல் கட்டிவைக்கப்பட்ட பணம். அங்கே சம்பளம் வாங்கினால், தெருமுனை எக்ஸ்சேஞ்சுக்குப் போய் அன்றைக்கே ஊருக்கு அனுப்பலாம். மாலத்தீவில் அதிகாரபூர்வ விலை ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா. ஆனால் அந்த விலைக்கு டாலர் வேண்டிய அளவு கிடைக்காது. நாட்டிலேயே டாலர் தட்டுப்பாடு. அதனால்தான் சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் டாலர் வருமானத்தில் ஒரு பகுதியை உள்ளூர் வங்கிகளில் மாற்றியே ஆகவேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வங்கிகள் ஓர் ஆள் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு வைக்கின்றன, அந்த வரம்பும் நிலையாக இருப்பதில்லை. மாலேயில் நம் ஸ்டேட் வங்கியின் கிளை 1974-லிருந்து இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். வரம்பு அங்கேயும் உண்டு.

வங்கியில் கிடைக்காத டாலரை வெளியில் வாங்கினால் என்ன ஆகும்? 15,420 ருஃபியா என்பது காகிதத்தில் 1,000 டாலர். வெளியில் ஒரு டாலருக்கு 19 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் கையில் 811 டாலர்தான் வரும். நீங்கள் கூகுளில் பார்த்த ஐந்தரை ரூபாய்க் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு ஆசாமி வருவார். "ருஃபியாவை என்கிட்ட குடுங்க, ஊர்ல உங்க அக்கவுன்ட்ல ரூபாய் போட்டுடறேன்" என்பார். தயவு செய்து வேண்டாம். அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். உங்கள் கணக்கில் விழும் அந்த ரூபாய் யாரோ ஏமாந்த பணமாக இருந்தால், சைபர் குற்றப் புகாரில் உங்கள் கணக்கு முடக்கப்படும். அப்புறம் எந்த மாநிலத்து போலீஸ் ஸ்டேஷன் என்றே தெரியாமல் தீவில் உட்கார்ந்துகொண்டு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு பேருக்கு நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, மாலத்தீவு வேலை என்றால் கேட்கவேண்டியது எவ்வளவு சம்பளம் என்பதை அல்ல. சம்பளத்தில் எந்தப் பங்கு டாலரில் வரும், மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும் என்பதைத்தான். பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். அதே தீவில் இப்போது வேலை பார்க்கும் ஓர் இந்திய ஆசிரியரிடம் போனில் கேளுங்கள். ஊரில் மாதத் தவணை இருக்கிறவர்கள் இந்தப் பதில் கிடைக்காமல் விமானம் ஏறாதீர்கள்.

துபாய்ப் பக்கம் வருவோம். ஆஃபர் லெட்டரில் மொத்தத்தைப் பார்க்காதீர்கள், பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடம் முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேசிக் சம்பளம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை. அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள். 4,500-இல் பேசிக் 2,000 என்று போட்டால் ஐந்து வருடத்துக்கு 7,000 திர்ஹம் கிடைக்கும். அதே 4,500-இல் பேசிக் 3,000 என்றால் 10,500. ஒரே சம்பளம், ஒரே வேலை. கையெழுத்துப் போடுமுன் கேட்டிருந்தால் சில பள்ளிகள் மாற்றியே கொடுக்கும். யாரும் கேட்பதில்லை.

விசிட் விசாவில் போய்ச் சேர்ந்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் எவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வகுப்பு எடுப்பது குற்றம், சம்பளம் தராவிட்டால் புகார் சொல்லவும் உங்களிடம் காகிதம் இருக்காது. அமீரகத் தொழிலாளர் துறை வடிவத்தில் வரும் ஆஃபர் லெட்டர்தான் ஆஃபர் லெட்டர். பள்ளியின் லெட்டர்பேடில் வாழ்த்துச் சொல்லி வரும் தாளை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். மாலத்தீவிலும் இதே கதைதான். இந்தியருக்கு வந்திறங்கியதும் விசா கிடைத்துவிடுகிறது என்பதற்காக ஒர்க் பர்மிட் இல்லாமல் போய்விடாதீர்கள்.

ஏஜென்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தாராம் அந்தப் பெண். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், அதாவது 35,400. இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. அமீரகத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம், வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்கிறது. பாஸ்போர்ட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்வதும் கூடாது. "எல்லாரும் குடுக்கிறாங்க மேடம்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். எல்லாரும் கொடுப்பதால்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில் பெங்களூர்த் தமிழர்கள் திரும்பத் திரும்பச் சிக்குவது ஓர் இடத்தில். பட்டம் எந்த மாநிலத்தில் வாங்கினீர்களோ, அந்த மாநிலத்தில்தான் முதல் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்ற அரசு முத்திரை. வேலூரில் படித்துவிட்டு இருபது வருடமாக ராமமூர்த்தி நகரில் இருந்தாலும் கோப்பு சென்னைக்குத்தான் போகவேண்டும். அதன் பிறகு வெளியுறவு அமைச்சகம், அமீரகம் என்றால் அதன் தூதரகம். வாரக்கணக்கில் ஆகும். வேலை கிடைத்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே தொடங்குங்கள். தொலைநிலைக் கல்வியில் பட்டமோ பி.எட்.-டோ வாங்கியவர்கள், அது ஏற்கப்படுமா என்று பள்ளியிடம் முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

"ரெண்டு நாட்டுலயும் வரி கிடையாதே" என்பார்கள். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. மாலத்தீவில் 2020-லிருந்து உண்டு, ஆனால் மாதம் 60,000 ருஃபியாவுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குத்தான், ஆசிரியர்களைத் தொடாது. சரி, இந்தியா? ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்துவிட்டு, நவம்பரில் கிளம்பினால் அந்த வருடம் வரிக் கணக்கில் நீங்கள் இங்கே ரெசிடென்ட். மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்டவேண்டும். தேதி கையில் இருந்தால் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்பே கிளம்பப் பாருங்கள், ஓர் ஆடிட்டரிடமும் பேசிவிடுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக ஆக்க மறக்காதீர்கள்.

பணத்தைத் தாண்டியும் இருக்கிறது. மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள், மக்கள் வாழ்வது இருநூறுக்கும் குறைவானவற்றில். உங்களுக்குக் கிடைப்பது மாலே அல்ல. தென்கோடியில் இருக்கும் அட்டு என்ற தீவுக்கூட்டம் மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். நான் இருந்த தீவை ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கடல் கொந்தளித்தால் படகு வராது, படகு வராவிட்டால் காய்கறி வராது. என் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் பெங்களூர் வந்து சேர இரண்டு பகல் ஒரு இரவு ஆயிற்று. துபாயிலிருந்து நான்கு மணி நேர விமானம். வயதான பெற்றோர் இருக்கிறவர்கள் இதைச் சம்பளத்துக்கு மேலே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுக்கான சிலைகளை மாலத்தீவுச் சுங்கம் அனுமதிக்காது. பெட்டியில் சின்னப் பிள்ளையாரை வைத்துக்கொண்டு போய் விமான நிலையத்தில் அழுத பெண்கள் உண்டு. அமீரகம் போகிறவர்கள் கோடீன், டிராமடால் கலந்த மாத்திரைகளை முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.

ஆனால் அந்தத் தீவு வருடங்களை நான் வேறு எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். மாலையில் என் மாணவர்களின் அம்மாக்கள் மீனும் தேங்காயும் பிசைந்த மஸ் ஹுனி கொண்டுவந்து தருவார்கள், கையில் நோட்டோடு பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். கல்யாணம் ஆகாதவர், கடன் இல்லாதவர், தனிமையைத் தாங்குகிறவர், பாடம் நடத்தக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர் என்றால் நான் மாலத்தீவைத்தான் சொல்வேன். கணவனோ மனைவியோ குழந்தையோ கூட வரவேண்டும் என்றால் அமீரகம். அங்கே மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் வீடும் இருந்தால் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம் என்பது விதி. விதி அனுமதிக்கிறது என்பதற்காக 4,000-த்தில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். பள்ளி வீடு கொடுத்து, பிள்ளைக்குக் கட்டணச் சலுகையும் எழுத்தில் கொடுத்தால் யோசியுங்கள்.

ஷார்ஜாவில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் வேலையை விட்டு வரச் சொல்லவில்லை. ஏஜென்ட் கடன் முடிய இன்னும் நான்கு மாதம். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேசிக்கை உயர்த்திக் கேட்கட்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேஜிஎஃப் தம்பி தன் பள்ளியிடம் டாலர் பங்கு பற்றி எழுதிக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இப்போது கையில் இரண்டு ஆஃபர் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், ஒரு தாளை எடுங்கள். இடது பக்கம் ஒரு நாடு, வலது பக்கம் ஒரு நாடு. அந்தந்த நாட்டுப் பணத்திலேயே வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, போன் எல்லாவற்றையும் கழித்து எழுதுங்கள். மிச்சத்தில் மாதம் எவ்வளவு ஊருக்கு வந்து சேரும் என்பதைக் கடைசி வரியில், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். ரூபாயாக மாற்றுவது அந்தக் கடைசி வரியை மட்டும்தான். அந்தத் தாள் இல்லாமல் எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.